விளம்பரம் முடிகிறவரை

விளம்பரம் வந்தால் லிஃப்ட்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். இன்று நேற்று வந்த கோபம் இல்லை, வீட்டுக்கு முதல் டிவி வந்த நாளிலிருந்தே கூடவே இருக்கிற கோபம். முப்பத்திநாலு வருடம் கட்டடம் கட்டடமாக ஏறி லிஃப்ட் பழுது பார்த்த மனிதர். கதவு மூட எட்டு வினாடி என்றால் எட்டுதான். ஒன்பது ஆனால் திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அப்பேர்ப்பட்டவரிடம் போய் அரைமணி நேர சீரியலில் ஒன்பது நிமிடத்தைத் திருடினால் சும்மா இருப்பாரா? கைக்கடிகாரத்தில் அளந்தே வைத்திருந்தார். முதல் இடைவேளை நாலு நிமிடம் பத்து வினாடி. இரண்டாவது நாலே முக்கால் நிமிடம்.

அதோடு விடுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. கதையில் ஒருத்தி குசுகுசுவென்று பேசுவாள், காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். விளம்பரம் வந்ததோ, கூரையே பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சத்தம். சுவருக்குப் பெயின்ட் அடித்ததற்காக ஒரு குடும்பமே ஆடும். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டே இருப்பான். துணி சோப்பு விளம்பரத்தில் பிள்ளை சேற்றில் விழுந்து புரண்டுவிட்டு வரும், அம்மா சிரிப்பாள். லிஃப்ட்காரரின் மகள் சின்ன வயதில் அப்படி ஒருநாள் வந்தபோது அவள் அம்மா சிரிக்கவில்லை. முதுகில் இரண்டு வைத்துத்தான் உள்ளே விட்டாள்.

தப்பிக்க அவர் செய்து பார்க்காத வித்தை கிடையாது. சத்தத்தை அடைத்துப் பார்த்தார். வாயைத் திறந்து திறந்து மூடுகிற அந்த ஊமைக் கூத்து இன்னும் எரிச்சலாக இருந்தது. சேனல் மாற்றினால் அங்கேயும் விளம்பரம், எல்லாரும் சொல்லிவைத்துக்கொண்டு போடுகிற மாதிரி. திரைமேல் துண்டைப் போட்டு மூடினார். எப்போது எடுப்பது என்று தெரியாமல் பாதிக் கதை துண்டுக்கு உள்ளேயே ஓடிப் போயிற்று. கடைசியில் குப்பைக் கூடையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி ஏறிவிட்டு வருவது என்று வைத்துக்கொண்டார். படியில்தான். லிஃப்ட்டை நம்பி ஏறுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அதன் வண்டவாளம் எல்லாம் அவருக்குத் தெரியும்.

அவர் மனைவிக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. விளம்பரம் வந்ததும் ஃபோனை எடுத்து அக்காவுக்குப் போடுவாள், அவ்வளவுதான். ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் இன்னொரு ஊரில் அக்காவும் அதே சீரியலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் மூச்சு விடாமல் பேசுவார்கள். கதை தொடங்கியதும், சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டு டக்கென்று வைத்துவிடுவார்கள். வைக்கிறேன் என்கிற பேச்சே கிடையாது. மிச்சப் பாதி அடுத்த இடைவேளையில் வரும். இப்படிப் பதினாறு வருடம்.

மனைவி இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. லிஃப்ட்காரர் அணைத்து வைத்த டிவிக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருந்தார். ஏழு நாற்பதுக்கு மனைவியின் ஃபோன் அடித்தது. எடுத்தார். அந்தப் பக்கம் பெயின்ட் விளம்பரம் கேட்டது, ஆள் பேச்சு இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் குரல், "பழக்கதோஷம் மாப்பிள்ளை. கை தானா போட்டுடுச்சு" என்றது. பிறகு சாப்பிட்டாரா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னார். மாத்திரை போட்டுக்கொள்கிறாரா என்று கேட்டாள். அதற்குள் அங்கே கதை தொடங்கிவிட்டது. ஃபோன் வைக்கப்பட்டது.

மறுநாள் ஏழு இருபதுக்கே டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கும் அக்காவுக்கும் அதுவரை பெரிய ஒட்டுதல் எதுவும் இருந்ததில்லை. மனைவி கூப்பிடுவதைப் பார்த்து அவரும் அக்கா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார். அவளோ நாற்பது வருடமாக 'மாப்பிள்ளை'யை விடவில்லை. நேற்றுத்தான் பெண் கொடுத்த மாதிரி ஒரு மரியாதை, ஒரு எட்டத்தில் நின்று. இப்போது பேச வேண்டுமென்றால் கதை தெரிய வேண்டுமே என்று, எழுபது வயதை நெருங்குகிற மனிதர் கண்ணும் கருத்துமாக சீரியல் பார்த்தார். இரண்டு மருமகளும் அவருக்கு ஒரே ஜாடையாகத் தெரிந்தார்கள். நல்லவளைத் திட்டிக் கெட்டவளுக்குப் பரிந்து பேசி அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். கதை போக அக்காவின் முழங்கால் வலி, அவர் வீட்டுக் குழாய்க் கசிவு, வேலைக்குப் போய் எட்டு மணிக்குமேல் வீடு திரும்புகிற அவள் மகனும் மருமகளும் என்று எல்லாம் வரும். ஒரு நாளைக்கு இரண்டு தவணை. எல்லாம் சேர்த்து ஒன்பது நிமிடம்.

அந்த ஒன்பது நிமிடத்தை விட்டால் அவருக்கு வேறு பேச்சு கிடையாது. பால்காரர் பாக்கெட்டைக் கதவில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். கடையில் பொருளை எடுத்து மேசைமேல் வைத்தால் இயந்திரமே கணக்கைச் சொல்லிவிடும். மகள் வேறு ஊரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். சில நாள் ஏழு நாற்பதுக்கு ஃபோனை எடுத்து "ஹலோ" என்னும்போது தொண்டை கட்டிக்கொள்ளும். யோசித்தால், அன்று முழுக்க அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையே அதுதான். அக்காவின் ஃபோன் நின்றால் தன் கதி என்ன என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் வாய்விட்டுச் சொல்வாரா? ஆண்பிள்ளை வீம்பு. "நீங்க கூப்பிடறதால இந்த விளம்பரச் சனியன்கிட்டேருந்து தப்பிச்சேன் அக்கா" என்றுதான் சொல்வார். அதையும் ஒரு தடவையா சொன்னார், வாரத்துக்கு இரண்டு தடவை சொன்னார்.

ஒன்றைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதில்லை. போனவளைப் பற்றி. எடுத்தால் நாலு நிமிடத்தில் முடிகிற பேச்சா அது? நடுவில் கதை வந்துவிடும். கதை வந்துவிடும் என்பது இரண்டு பேருக்குமே வசதியாகத்தான் இருந்தது.

இரண்டு வருடம் இப்படியே போயிற்று. அப்புறம் மகள் நாலு நாள் விடுமுறையில் வந்தாள். அப்பா பல்லைக் காட்டுகிறவனைப் பார்த்து, "போதும்டா, வாயை மூடு" என்று சத்தம் போடுவதைப் பார்த்தாள். அம்மாவும் இல்லாமல் மனிதர் டிவியோடு சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. கடைக்குப் போய் விரல் நீளத்தில் ஒரு கருவி வாங்கிவந்து டிவியின் பின்னால் செருகினாள். மூன்றே பொத்தான் உள்ள சின்ன ரிமோட்டை அவர் கையில் கொடுத்து, இனிமேல் உங்கள் சீரியல் இதில் வரும், விளம்பரமே வராது, ஒரு வருடத்துக்குச் சந்தா கட்டியாகிவிட்டது என்றாள். அப்போது பெரியம்மாவோடு பேசுவது எப்படி என்று அவர் மெதுவாக இழுத்தார். பெரியம்மாவோடு எப்போது வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாமே அப்பா, அதற்கு விளம்பரம் எதற்கு என்று மகள் சிரித்தாள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

மகள் ஊருக்குப் போன அன்று சாயங்காலம் லிஃப்ட்காரர் ராஜாவாட்டம் உட்கார்ந்து பார்த்தார். அப்பாடா! ஒரு சோப்பு இல்லை, ஒரு பெயின்ட் இல்லை. கதை வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்த வாரம் கதையில் மூத்த மருமகளின் அப்பா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ ஒரு ரகசியத்தைச் சொல்ல வாயெடுத்த நேரத்தில் ஃபோன் அடித்தது. மணி ஏழு நாற்பது. ஃபோனை எடுத்தவர், கண் திரையில் இருக்க, "அக்கா, கதை ஓடிட்டிருக்கு, அப்புறம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இருபத்தோராவது நிமிடத்தில் சீரியல் முடிந்தது. ரகசியம் தெரிந்துவிட்டது. அதைப் பற்றிப் பேச வேண்டுமே என்று அவராகவே ஃபோனைப் போட்டார். இரண்டு வருடத்தில் அவர் போடுவது அதுதான் முதல் தடவை. அக்கா எடுத்தாள். எடுத்துத் தணிந்த குரலில், இங்கே கதை ஓடுகிறதே மாப்பிள்ளை என்றாள். வைத்துவிட்டார்கள். அன்றைக்குப் பேச்சு அவ்வளவுதான்.

மறுநாள் ரிமோட்டை நோண்டிக்கொண்டிருந்ததில் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். சாயங்காலம் வரவேண்டிய கதை அந்தக் கருவியில் காலையிலேயே வந்துவிடுகிறது! பேஷ் என்று தொடையைத் தட்டிக்கொண்டார். காலையில் பார்த்து முடித்துவிட்டால் சாயங்காலம் ஃபோனும் கையுமாக உட்காரலாமே. அடுத்த வார அத்தியாயங்கள்கூட நாலு தயாராக இருந்தன. நாலையும் பார்த்தார். எந்த மாடியில் லிஃப்ட் நிற்கும் என்பதைப் போல, கதை எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவருக்குப் பிடித்திருந்தது.

சாயங்காலம் ஏழு நாற்பதுக்கு அக்கா கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது. அந்த அப்பா படுத்திருப்பதைப் பார்க்கவே முடியவில்லை, பிழைப்பாரோ மாட்டாரோ என்றாள். லிஃப்ட்காரர் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு வாயைக் கொடுத்தார்.

"கவலைப்படாதீங்க அக்கா. வியாழக்கிழமை கண் முழிச்சிடுவார்."

அந்தப் பக்கம் சோப்பு விளம்பரம் முழுதாக ஓடி முடிந்தது.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டாள். அவர் கருவியின் பெருமை முழுவதையும் சொன்னார். விளம்பரமே கிடையாது என்பதை இரண்டு தடவை சொன்னார். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு மாப்பிள்ளை. விளம்பரத்துக்குப் பயந்துதானே எங்கிட்ட பேசிட்டிருந்தீங்க. இனிமே நிம்மதியா பாருங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. அவருடைய வார்த்தையைத்தான் அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். அவருக்கு உடனே பதில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இயந்திரத்தில் எது கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிற மனிதருக்கு, தனக்கு என்ன கோளாறு என்று சொல்லத் தெரியவில்லை. அதற்குள் அங்கே கதை தொடங்கி, ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது.

இரண்டாவது இடைவேளைக்கு அழைப்பு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் அந்தக் கருவியைப் பிடுங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டார். பழையபடி சாதாரண சேனலை வைத்தார். விளம்பரம் வந்தது. சத்தத்தை அடைக்கவில்லை, துண்டைப் போடவில்லை, குப்பைக் கூடையைத் தூக்கவில்லை. ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு விளம்பரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். பெயின்ட் அடித்த குடும்பத்தில் மொத்தம் ஏழு பேர் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. ஏழு பேரும் ஒரே வீட்டில், எவ்வளவு இரைச்சலாகப் பேசிக்கொள்கிறார்கள். நாலு நிமிடம் பத்து வினாடி. ஃபோன் அடிக்கவில்லை. இரண்டாவது இடைவேளையில் அவரே போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை.

அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோபமாகக்கூட இருந்தது. அப்படி என்ன சொல்லிவிட்டோம், வயதான மனுஷிக்கு இவ்வளவு வீம்பா என்று தனக்குள் பொருமினார். பிறகு அந்தக் கோபமும் வடிந்து வெறுமே இருந்தார். அக்கா இல்லையென்றால் இந்த வீட்டில் தன் பெயரையோ உறவையோ சொல்லிக் கூப்பிட ஒரு குரல் இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு, டிவியைப் போடாமல், நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து அக்காவுக்கு ஃபோன் செய்தார். நாலாவது மணியில் எடுத்தாள்.

"மாப்பிள்ளையா? யாருக்கு என்ன ஆச்சு?"

பத்து மணிக்கு யார் சும்மா கூப்பிடப் போகிறார்கள் என்று அவள் பதறுவது குரலில் தெரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சும்மாதான் என்றார். சும்மாவா என்றாள். முழங்கால் எப்படி இருக்கிறது என்றார். அப்படியேதான் இருக்கிறது என்றாள். மழை வரும்போல் இருக்கிறது என்றார். இங்கே வெயில் என்றாள். பேச்சு நின்றுவிட்டது. கதை தொடங்கி இருவரையும் காப்பாற்றவும் வழியில்லை.

கடைசியில் அக்காதான் சீரியல் பார்த்தீர்களா என்று கேட்டாள்.

"பாத்தேன். விளம்பரத்தோட."

"எதுக்கு? அதான் அந்தச் சாமான் இருக்கே."

"அது வந்த பிறகு நீங்க கூப்பிடலையே அக்கா."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகு காது சூடாகிவிட்டது. அக்கா, தான் சீரியல் பார்ப்பதையே விட்டுவிட்டதாகச் சொன்னாள். முந்தின நாள் ஃபோன் அடித்தபோது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாளாம். விளம்பரம் பிடிக்காமல் போடுகிறாரா, தன்னோடு பேசப் போடுகிறாரா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். தங்கச்சி போன பிறகு அந்தக் கதையில் எனக்கு ஒரு பிடிப்பும் இல்லை, மாப்பிள்ளையோடு இரண்டு வார்த்தை பேசலாமே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள். லிஃப்ட்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. இரண்டு பேரும் இரண்டு வருடமாக, வேண்டாத ஒரு கதையை மாங்கு மாங்கென்று பார்த்திருக்கிறார்கள்!

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் அக்கா. "ரொம்ப நாளா கேக்கணும்னு. நாலு நிமிஷத்துல கேக்கற விஷயம் இல்லன்னு விட்டுட்டேன்."

கேளுங்கள் என்றார்.

"அவ போறதுக்கு முன்னாடி நாள் சாயங்காலம். ஆஸ்பத்திரிலேருந்து கூப்பிடுவான்னு ஃபோனை வெச்சிட்டு உக்காந்திருந்தேன். எங்க இருந்தாலும் கூப்பிடுவாளே. அன்னிக்கு வரல. கால் வலியச் சாக்கு வெச்சு நான் வந்து பாக்கலன்னு எம்மேல கோபமா அவளுக்கு?"

லிஃப்ட்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி அறையில் சுவரின் உச்சியில் ஒரு டிவி மாட்டியிருந்தது. ஏழரைக்கு சீரியல் ஓடியது. விளம்பரம் வந்ததும் அவள் கண்ணைத் திறந்து, தலையணைக்குப் பக்கத்தில் ஃபோனைத் தடவினாள். ஃபோன் அவர் சட்டைப் பையில் இருந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது. பேசினால் இன்னும் வாங்கும் என்று அவர் நினைத்தார். நாளைக்கு என்று ஒன்று இருக்கிறதென்றும் நினைத்தார். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதை அவர் மகளிடம்கூடச் சொன்னதில்லை.

"கோபம் இல்ல அக்கா. ஃபோனைக் கேட்டா. நான்தான் குடுக்கல. இப்ப எதுக்கு, தூங்கு, நாளைக்குப் பேசலாம்னு சொல்லிட்டேன்."

அவள் வைத்துவிடுவாள் என்று நினைத்தார். வைத்துவிட்டால் இனி எந்த விளம்பரத்துக்கும் அவள் ஃபோன் வராது. ஆனாலும் இதை மறைத்துக்கொண்டு அவளோடு பேசுவது இனி தன்னால் ஆகாது என்றும் தெரிந்தது.

"அவ எந்தக் காலத்துல உங்க பேச்சக் கேட்டா மாப்பிள்ளை?" என்றாள் அக்கா கடைசியில். குரல் உடைந்திருந்தது. "கேட்டுட்டுப் படுத்துட்டான்னா, அவ்வளவு முடியல அவளுக்கு. நீங்க குடுத்திருந்தாலும் பேசியிருக்க மாட்டா. விடுங்க."

அவருக்காகச் சொல்கிறாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு வருடப் பாரம் இறங்கிவிடும். ஆனால் அது பொய். அக்காவுக்குச் சேரவேண்டியதைத் தன் பையிலேயே இன்னமும் வைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

"பேசியிருப்பா அக்கா. ரெண்டு தடவ கைய நீட்டிக் கேட்டா. அக்கா காத்துட்டிருப்பான்னு சொன்னா."

அக்கா அழத் தொடங்கினாள். நிறுத்திக்கொள்ள அவசரமில்லாத அழுகை. லிஃப்ட்காரர் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவளைத் தேற்ற ஒன்றும் சொல்லாமல், தானும் அழுதார். வெகுநேரம் கழித்து அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வேற என்ன சொன்னா? எல்லாத்தையும் சொல்லுங்க" என்றாள். அவர் அந்தக் கடைசி நாளின் காலையிலிருந்து ஆரம்பித்தார்.